எண்ணம் எழுவதும் இசைவதும்

சென்னையை அடுத்த கோவளம் கடற்கரையிலுள்ள கார்மேல் மாதா கோயிலுக்கு இருநூறு வயது கடந்துவிட்டது. 1808இல் அதைக் கட்டியவர் அன்றைய சென்னையின் பெருவணிகர்களில் ஒருவரான ஜான் டி மான்டி. ஆழ்வார்ப்பேட்டையில் அவர் பெயர் தாங்கிய குடியிருப்பை வைத்து 2015இல் ஒரு பேய்ப்படம் வந்தது. அதனால் இன்றைக்கு அவரைப் பேய்க்கதையின் வழியாக அறிந்தவர்களே அதிகம். 1821இல் இறந்த அவர், சொத்தைத் திருச்சபைக்கு எழுதிவைத்துவிட்டு, இந்தக் கோவளம் கோயிலில்தான் அடக்கமாகியிருக்கிறார்.

கார்மேல் மாதாவுக்கு உத்தரிய மாதா என்றும் பெயர். கத்தோலிக்கர் கழுத்தில் அணியும் அந்தச் சிறு துணிப்பட்டையைப் போட்டுக்கொண்டால் பசாசு அண்டாது, கெட்ட எண்ணம் வராது என்று நம்புகிறவர்கள் உண்டு. திருச்சபை அப்படி எந்த வாக்கும் கொடுத்ததில்லை. உத்தரியம் அணிந்தவருக்கும் எண்ணம் வரும். வந்துவிட்டதே என்று குமைந்து பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வருகிறவர்களைத் தமிழ்நாட்டின் எந்தப் பங்குக் கோயிலிலும் பார்க்கலாம். “கெட்ட நினைப்பு வந்துச்சு சாமி” என்று அவர்கள் தொடங்குவார்கள். அனுபவமுள்ள குருவானவர் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “வந்துச்சா, நீங்க வரவழைச்சீங்களா? வந்த பிறகு என்ன செஞ்சீங்க?”

சோதனைக்கும் பாவத்துக்கும் இடையிலுள்ள கோடு இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. எண்ணம் எழுவது சோதனை, அதற்கு மனம் இசைவது பாவம். கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்த வரையறையை எட்டக் கிறிஸ்தவ மரபுக்குப் பல நூற்றாண்டுகள் பிடித்தன. தமிழ்க் கடற்கரைக்கும் அது மிக முன்னதாகவே வந்து சேர்ந்தது. ஆனால் நடைமுறை வாழ்வில் அந்தக் கோடு இரண்டு பக்கமும் அழிந்துகொண்டே வந்திருக்கிறது. ஒரு பக்கம், குற்றமில்லாதவர்கள் தங்களைக் குற்றவாளிகளாக எண்ணி நொந்துபோகிறார்கள். மறுபக்கம், குற்றம் செய்தவர்கள் “சோதனைக்குள்ளாகிவிட்டேன்” என்று சொல்லி நழுவிவிடுகிறார்கள். இரண்டும் ஒரே குழப்பத்திலிருந்து பிறப்பவை.

பாலைநிலத் துறவிகள் போட்ட கணக்கு

சிக்கலின் வேர் நற்செய்தியிலேயே இருக்கிறது. மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் இயேசு நாற்பது நாள் வனாந்தரத்தில் சோதிக்கப்பட்டதைச் சொல்கிறார்கள். எபிரேயர் நிருபமோ, அவர் எல்லா வகையிலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும் பாவமில்லாமல் இருந்தார் என்கிறது. சோதிக்கப்படுவதே பாவம் என்றால் இந்தக் கூற்றுக்குப் பொருளே இல்லாமல் போகும். ஆகவே இரண்டும் வேறு என்பது கிறிஸ்துவைப் பற்றிய நம்பிக்கையோடு பிணைந்த விஷயம். யாக்கோபின் நிருபம் இதை ஒரு வரிசையாகவே தருகிறது: ஆசை இழுக்கிறது, அந்த ஆசை கருவுற்றுப் பாவத்தைப் பெறுகிறது, பாவம் முற்றி மரணத்தில் முடிகிறது.

இந்த வரிசையை நுணுகி ஆராய்ந்தவர்கள் நான்காம் நூற்றாண்டு எகிப்தின் பாலைநிலத் துறவிகள். அவர்களில் ஒருவரான எவாக்ரியுஸ் (இறப்பு 399) மனிதரைத் தாக்கும் எண்ணங்களை எட்டாக வகுத்தார்: போஜனப்பிரியம், காமம், பொருளாசை, துயரம், கோபம், சோர்வு, வீண்புகழ், ஆணவம். இவை நம்மைத் தொந்தரவு செய்யுமா செய்யாதா என்பது நம் கையில் இல்லை, தங்கவிடுவதா வேண்டாமா என்பதே நம் கையில் இருக்கிறது என்று அவர் தெளிவாக எழுதினார். பொய்மேன் என்ற துறவியிடம் ஒரு சீடன் வந்து, மனத்தில் எண்ணங்கள் மொய்க்கின்றன என்று முறையிட்டானாம். அவர் அவனை வெளியே அழைத்துப்போய், மார்பை விரித்துக் காற்றைப் பிடித்து நிறுத்தச் சொன்னார். முடியாது என்றான். எண்ணங்கள் வருவதையும் உன்னால் நிறுத்த முடியாது, எதிர்த்து நிற்பதுதான் உன் வேலை என்றார் பொய்மேன்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு திருப்பம் நடந்திருக்கிறது. எவாக்ரியுஸின் பட்டியலை யோவான் காசியன் மேற்குலகுக்குக் கொண்டுபோனார். ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் போப் பெரிய கிரகோரி அதைத் திருத்தி ஏழாக்கினார். நம் ஊர் ஞானோபதேச வகுப்பில் பிள்ளைகள் மனப்பாடம் செய்த ‘தலையான பாவங்கள் ஏழு’ அந்த வழியில் வந்ததுதான். சோதனைகளின் பட்டியலாகத் தொடங்கியது பாவங்களின் பட்டியலாகக் கைமாறி வந்திருக்கிறது. கோபம் எழும்போதே பாவம் செய்துவிட்டதாகப் பதறும் பழக்கத்துக்கு இந்தக் கைமாற்றமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

கோட்டைத் துல்லியமாகப் போட்டவர் அகுஸ்தினார் (354–430). மலைப்பொழிவுக்கு எழுதிய விளக்கத்தில் அவர் மூன்று படிகளைப் பிரித்தார்: தூண்டுதல், இன்பம், இசைவு. கோவளத்துக் கடலில் வைத்து இதைப் பார்க்கலாம். விடியலுக்கு முன் பைபர் படகில் போகும் ஒருவர், இன்னொருவர் விட்டுப்போன வலையின் மிதவையைக் கடக்கிறார். டார்ச் வெளிச்சத்தில், வலையில் மாட்டிய பெரிய வஞ்சிரம் மினுங்குகிறது. எடுத்தால் என்ன என்று ஒரு மின்னல். அது தூண்டுதல். ஏலத்தில் என்ன விலை போகும், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு ஆகுமே என்று மனம் கணக்குப் போட்டுச் சற்று இனிக்கிறது. அது இன்பம். யார் பார்க்கப்போகிறார்கள், எடுத்துவிடலாம் என்று எஞ்சினை அணைக்கிறார். அது இசைவு. அந்த நேரம் பார்த்துத் தொலைவில் இன்னொரு படகின் விளக்கு தெரிய, ஒன்றும் எடுக்காமல் போய்விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊர்ப் பஞ்சாயத்தில் அவர்மீது வழக்கே இல்லை. அகுஸ்தினாரின் கணக்கில் திருட்டு நடந்து முடிந்துவிட்டது. அதே மனிதர் இரண்டாம் படிவரை போய், ‘சீ, ஊரான் உழைப்பு’ என்று படகைத் திருப்பியிருந்தால், சற்றே சபலப்பட்டவர்தான், ஆனாலும் சோதனையை வென்றவர்.

பெண்ணை இச்சையோடு நோக்குபவன் இருதயத்தில் விபசாரம் செய்துவிட்டான் என்று இயேசு சொன்னதை, எண்ணமே பாவம் என்பதற்குச் சான்றாகப் பலர் காட்டுகிறார்கள். அகுஸ்தினார் அந்த இடத்தைத்தான் விளக்கிக்கொண்டிருந்தார். இச்சிக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு பார்ப்பதையே இயேசு குறிப்பிடுகிறார், அது வெறும் கிளர்ச்சியில்லை, முழு இசைவு என்பது அவர் வாசிப்பு. வள்ளுவரும் கள்ளாமை அதிகாரத்தில், பிறன்பொருளை வஞ்சித்துக் கவர்வோம் என்று உள்ளத்தில் நினைப்பதையே தீது என்கிறார். அவர் கண்டிப்பது கண்ணில் பட்டவுடன் தோன்றும் சபலத்தையன்று, ‘கவர்வோம்’ என்ற உள்முடிவை என்று கொண்டால் இருவரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். கோவளத்தில் கார்மேல் மாதா கோயிலைப் போலவே பலரும் நாடிவரும் தமீம் அன்சாரி தர்கா இருக்கிறது. அந்த மரபிலும், மனத்தில் எழும் ஊசலாட்டங்களைச் சொல்லாகவோ செயலாகவோ ஆக்காதவரை இறைவன் மன்னிக்கிறான் என்ற பொருளில் நபிமொழி உண்டு.

கடற்கரைக்கு வந்த கேள்விகள்

இந்த நுட்பம் தமிழுக்கு வந்த வழி சுவையானது. இனிகோ லொயோலா 1522இல் மன்ரேசாவில் தவமிருந்தபோது, சொன்ன பாவங்களையே திரும்பத் திரும்பச் சொல்லியும் நிம்மதி கிடைக்காமல், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்வரை போனவர். அந்த அனுபவத்தில் முளைத்த அவருடைய ஆன்மிகப் பயிற்சி நூலுக்கு 1548இல் போப்பின் அங்கீகாரம் கிடைத்தது. மனத்தில் வரும் எண்ணங்கள் சில என் விருப்பத்தில் பிறப்பவை, சில வெளியிலிருந்து வருபவை என்று அதில் பிரிக்கிறார். வெளியிலிருந்து வந்த கெட்ட எண்ணத்தை உடனே எதிர்த்தால் அது பாவமில்லாமல் போவதோடு புண்ணியமாகவும் கணக்காகும். மீண்டும் மீண்டும் வந்து மீண்டும் மீண்டும் எதிர்த்தால் புண்ணியம் இன்னும் கூடும். சோதனை அடிக்கடி வருவது வீழ்ச்சிக்கு அடையாளமில்லை என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

அவருடைய சேசு சபையில் சேர்ந்து 1546இல் இந்தியா வந்த அன்றிக்கு அடிகளார், முத்துக்குளித்துறைப் பரதவரிடையே வாழ்நாள் முழுவதும் பணியாற்றி 1600இல் மறைந்தார். 1578இல் கொல்லத்தில் அச்சான அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் அச்சு வரலாற்றின் முதல் மைல்கல்லாகப் பேசப்படுகிறது. அடுத்த ஆண்டு ‘கிரிசித்தியானி வணக்கம்’ வந்தது. 1580இல் கொச்சியில் வந்த ‘கொம்பெசியொனாயரு’வைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. அது பாவசங்கீர்த்தனம் செய்யும் முறையைக் கற்பிக்கும் நூல். தமிழ் அச்சின் முதல் சில நூல்களுக்குள்ளேயே மனத்தைச் சோதித்துப் பார்ப்பதற்கென்று ஒரு புத்தகம், அதுவும் கடலோடிகளுக்காக, வந்திருக்கிறது.

அந்தக் காலத்துக்குப் பின்னணியாக நிற்பது கத்தோலிக்கத் திருச்சபையின் பொதுச்சங்கமான திரெந்து சங்கம். 1551 நவம்பரில் அச்சங்கம், சாவான பாவங்கள் அனைத்தையும், யாருக்கும் தெரியாமல் மனத்துக்குள் கட்டிக்கொண்டவை உட்பட, அறிக்கையிட வேண்டும் என்று வரையறுத்தது. பிறன் மனைவியை, பிறன் பொருளை விரும்பாதே என்ற கடைசி இரண்டு கட்டளைகளை மீறும் பாவங்கள் பெரும்பாலும் மனத்தில் நடப்பவையே. மனத்தை விசாரிப்பதென்று முடிவானபோது எண்ணத்துக்கும் இசைவுக்கும் வேறுபாடு காட்டியே ஆகவேண்டும். இல்லாவிட்டால் ஒரு நாளின் பாவத்தை ஒரு வாரம் உட்கார்ந்து சொன்னாலும் தீராது. இன்றும் கத்தோலிக்க மறைக்கல்வி சாவான பாவத்துக்கு மூன்று நிபந்தனைகள் வைக்கிறது: காரியம் கனமானதாக இருக்க வேண்டும், முழு அறிவோடு செய்திருக்க வேண்டும், மனம் பொருந்தி இசைந்திருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அது சாவான பாவமாகாது.

பழைய ஞானோபதேசம் உலகம், பசாசு, சரீரம் என மூன்று சத்துருக்களைச் சொல்லும். சத்துரு வாசலில் நிற்பது வீட்டுக்காரன் குற்றமில்லை. இதைச் சத்துரு என்ற அந்தச் சொல்லே உணர்த்தியிருக்க வேண்டும். நடைமுறையில் பிள்ளைகளுக்குப் பதிந்ததோ வேறு. எண்ணத்தில், சொல்லில், செயலில் செய்யும் பாவம் என்ற வரிசையில் ‘எண்ணத்தில்’ என்பது மட்டும் நின்றது. ‘மனம் பொருந்தி’ என்ற நிபந்தனை வகுப்பு முடிவதற்குள் கரைந்துவிட்டது.

ஆசை என்பதே பாவமா?

இதுவரை சொன்னது பெரும்பாலும் கத்தோலிக்க வழி. சீர்திருத்த சபைகள் இங்கே ஒரு கடுமையான கேள்வியை எழுப்பின. எண்ணம் எழுவது பாவமில்லை என்கிறீர்கள், சரி. அந்த எண்ணம் எழும் நிலம் சுத்தமானதா? ஏன் உடன்பிறந்தவனின் வெற்றியைப் பார்த்தவுடன் எனக்குப் பொறாமை எழ வேண்டும்?

லுத்தரன்களின் 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கையின் இரண்டாம் பிரிவு, பிறவியோடு வரும் இந்தத் தீய நாட்டமும் உண்மையான பாவமே என்றது. திரெந்து சங்கம் 1546 ஜூன் 17 அன்று இதற்கு மறுமொழி சொன்னது: ஞானஸ்நானத்துக்குப் பிறகும் நாட்டம் எஞ்சியிருக்கிறது, அது போராடுவதற்காக விடப்பட்டது, இசையாதவர்களுக்கு அதனால் தீங்கில்லை. பவுல் அதைப் பாவம் என்றழைத்தது, பாவத்திலிருந்து வந்து பாவத்துக்கு இழுப்பதால்தானே தவிர, அதுவே பாவம் என்பதால் இல்லை. ஆங்கிலிக்கன் சபையின் முப்பத்தொன்பது கட்டளைகளில் ஒன்பதாவது, நாட்டத்துக்குப் பாவத்தின் தன்மை உண்டு என்று இடைப்பட்ட ஒரு குரலில் பேசியது. மெதடிஸ்ட் இயக்கத்தின் ஜான் வெஸ்லியோ, அறிந்த கட்டளையை மனமறிந்து மீறுவதையே சரியான பொருளில் பாவம் என்றார். இந்த ஒரு புள்ளியில் அவர் லுத்தரைவிட ரோமுக்கு நெருங்கியவர்.

இந்தக் குரல்கள் எல்லாம் தமிழ் மண்ணில் இருக்கின்றன. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு லுத்தரின் வழியைக் கொண்டுவந்தார். அந்த வழியில் வந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1919இல் அமைந்தது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டுகளும் ஒரே கூரையின் கீழ் வந்தார்கள். கிழக்குத் தாம்பரத்தில் ஒரே தெருவில் வாழும் கத்தோலிக்கருக்கும் லுத்தரனுக்கும் சி.எஸ்.ஐ.காரருக்கும், தங்களுக்குள் எழும் ஆசையைப் பற்றி அவரவர் திருச்சபை வெவ்வேறாகச் சொல்லியிருக்கிறது என்பதே தெரியாமலிருக்கலாம்.

1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லுத்தரன் உலக மன்றமும் கையெழுத்திட்ட கூட்டறிக்கை இந்த இடத்தைத் தனியே எடுத்துப் பேசியது. ஆள் தன் விருப்பத்தால் செய்யும் கூறு அதில் இல்லாததால் நாட்டத்தைக் கண்டிப்பான பொருளில் பாவம் என்று சொல்வதில்லை என்கிறார்கள் கத்தோலிக்கர். கடவுளை முழுமனத்தோடு நேசிக்கவிடாமல் இழுப்பதால் அது பாவமே, ஆனால் கிறிஸ்துவின் பொருட்டு அது விசுவாசியை ஆளுவதில்லை என்கிறார்கள் லுத்தரன்கள். வேறுபாடு தீரவில்லை. ஆனால் அதை வைத்து ஒருவரையொருவர் சபிப்பது நின்றது.

என் பார்வையில் இரண்டு குரலும் இரண்டு வேறு நோய்களுக்கு மருந்து. ‘எனக்கு எண்ணம் மட்டும்தான் வந்தது, நான் தூயவன்’ என்று தலை நிமிர்பவனுக்கு லுத்தரின் எச்சரிக்கை தேவை. எண்ணம் வந்ததற்காகவே தன்னைச் சபித்துக்கொள்பவளுக்குத் திரெந்து சங்கத்தின் ஆறுதல் தேவை. மாற்றிக் கொடுத்தால் இரண்டு நோயும் முற்றும்.

சந்தர்ப்பம்

சோதனை, பாவம் என்ற இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது ஒன்று இருக்கிறது. மறைக்கல்வி அதைப் பாவத்துக்கு ஏதுவான சமயம் என்கிறது. குடியை விடுவதாக நேர்ந்துகொண்ட ஒருவருக்கு டாஸ்மாக் கடையைக் கண்டதும் நாக்கு ஊறுவது சோதனை. வேறு வழி இருந்தும் தினமும் மாலை அந்தக் கடை வழியே வீட்டுக்குப் போவதென்று தேர்ந்தெடுப்பது யாருடைய செயல்? 1679இல் போப் பதினோராம் இன்னொசென்ட் கண்டித்த 65 தளர்வுக் கருத்துகளில், பாவத்துக்கு நெருங்கிய சந்தர்ப்பத்தைத் தவிர்க்கத் தேவையில்லை என்ற வாதமும் இருந்தது. தப்பிக்க முடிந்தும் தப்பிக்காமல் இருப்பது, பின்னால் வரும் இசைவுக்கு முன்கூட்டியே கொடுத்த அச்சாரம் என்பது அந்தக் கண்டனத்தின் கருத்து.

ஆனால் எல்லாருக்கும் மாற்றுவழி இருப்பதில்லை. கூட்டாளிகளோடு கடலுக்குப் போய், பங்கு பிரித்து, அதே கூட்டாளிகள் குடிக்க உட்காரும் இடத்தில் நிற்க வேண்டியிருப்பவர், தொழிலை விட்டால்தான் அந்தச் சந்தர்ப்பத்தை விட முடியும். அறநெறி இறையியலார் இதைத் தவிர்க்கவியலாச் சந்தர்ப்பம் என்று தனியே பிரித்தார்கள். அங்கே குற்றம் சாட்டுவதைவிடத் துணை கொடுப்பதே மேய்ப்பரின் கடமை. மூர்த்தி மேகவன் என்ற மீனவர் கோவளத்தில் தொடங்கிய அலைச்சறுக்குப் பள்ளி, அங்கே வரும் இளைஞர்கள் புகையையும் குடியையும் தொடக்கூடாது என்று விதி வைத்திருக்கிறது. அது சமயச் சார்பான முயற்சியில்லை. ஆனால் சந்தர்ப்பத்தை மாற்றிக் கொடுப்பது என்றால் என்ன என்பதற்கு அருகிலேயே இருக்கும் உதாரணம்.

தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரில் தலைமையகம் கொண்ட பெந்தெகொஸ்தே மிஷன் இன்னொரு எல்லைக்குப் போகிறது. 1920களில் இலங்கையில் தோன்றிய அந்தச் சபையின் ஊழியர்கள் மணவாழ்வைத் துறந்து கூட்டாக வாழ்கிறார்கள். விசுவாசிகளும் நகை அணிவதில்லை. உலகத்திலிருந்து வேறுபட்ட வாழ்க்கை என்பது அவர்களுடைய முழக்கம். இத்தகைய ஒழுங்குக்கு ஒரு வலிமை உண்டு. சோதனை வந்தபின் போராடுவதைவிட, வரும் வழியை அடைப்பது பலருக்கு எளிது. வேலிகளை நம்பும் எந்தச் சபைக்கும் ஓர் ஆபத்தும் உண்டு. காலப்போக்கில் வேலியைத் தாண்டுவதே பாவம் என்றாகிவிடும். கம்மல் போட்ட பெண் விழுந்துபோனவளாகவும், கம்மல் போடாமல் புறங்கூறுபவள் நிலைநிற்பவளாகவும் தெரிவார்கள்.

நொறுங்கும் மனச்சாட்சி

கார்மேல் என்ற பெயரை வைத்து ஒரு கோயில் நிற்கும் ஊரில், கார்மேல் சபையின் புனிதர் ஒருவரை நினைக்காமல் இதைப் பேச முடியாது. தமிழ்நாட்டுக் கத்தோலிக்க வீடுகளில் படமாகத் தொங்கும் குழந்தை தெரசம்மாள், பன்னிரண்டு வயதில் எதிலும் பாவம் காணும் நோயில் விழுந்தார். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு, மிகச் சாதாரண எண்ணமும் அவரை வதைத்தது. அக்காளிடம் தினமும் எல்லாவற்றையும் கொட்டினால்தான் மூச்சு விட முடிந்தது. பின்னர் 1896 உயிர்ப்புப் பெருவிழாக் காலத்திலிருந்து, 1897 செப்டம்பர் 30இல் சாகும்வரை, மோட்சமே இல்லை என்ற எண்ணம் அவரை விடவில்லை. இந்த முறை அவர் சிறுமியாகப் பதறவில்லை. அதை எதிர்த்து விசுவாசப் பிரமாணத்தைத் தன் இரத்தத்தால் எழுதி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். இரண்டு நிலைக்கும் உள்ள வித்தியாசம் எண்ணத்தின் அளவில் இல்லை. முதல் முறை அவர் எண்ணத்தைத் தானென்று நினைத்தார். இரண்டாம் முறை எண்ணத்துக்கு எதிரே தான் நிற்பதை அறிந்திருந்தார். அவிசுவாச எண்ணங்கள் சூழ இறந்த அந்த 24 வயதுப் பெண்ணைத் திருச்சபை 1997இல் மறைவல்லுநர் ஆக்கியது.

சீர்திருத்த சபையினருக்கு இதே அனுபவத்தை எழுதிக் கொடுத்தவர் ஜான் பனியன். 1678இல் அவர் எழுதிய நூலைத் தமிழ்ச் சபைகள் ‘மோட்சப் பிரயாணம்’ என்று படித்தன. எச். ஏ. கிருஷ்ணபிள்ளை அதைத் தழுவி 1894இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காப்பியமாக்கினார். பனியனின் கதையில், மரண நிழலின் பள்ளத்தாக்கில் நடக்கும் பயணிக்குப் பின்னால் ஒரு பேய் பதுங்கி வந்து கடவுளைப் பழிக்கும் சொற்களைக் காதில் ஓதுகிறது. அவை தன் மனத்திலிருந்தே வருவதாக நினைத்து அவன் கலங்குகிறான். பனியன் இதைக் கற்பனையில் மட்டும் எழுதவில்லை. இரட்சகரை விற்றுவிடு என்ற எண்ணம் தன்னை இரவும் பகலும் துரத்தியதை 1666இல் வெளிவந்த தன்வரலாற்றில் பதிந்திருக்கிறார்.

இன்றைய மருத்துவம் இதன் முற்றிய வடிவத்தை எண்ணச் சுழற்சி நோயின் ஒரு வகையாகப் பார்க்கிறது. ஸ்டான்லி ராக்மனும், இலங்கையில் பிறந்த உளவியலாளர் பத்மல் டி சில்வாவும் 1978இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எந்த நோயுமில்லாத சாதாரண மனிதர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேருக்கு, விரும்பாமல் புகுந்து தொல்லை தரும் எண்ணங்கள் வருகின்றன என்று அதில் தெரிந்தது. நோயாளிகளின் எண்ணங்களும் உள்ளடக்கத்தில் அவற்றை ஒத்திருந்தன. வேறுபட்டவை, அவை வரும் தடவையும் தீவிரமும், அவற்றை உதறுவதிலுள்ள சிரமமும். எண்ணுவதையே செய்ததற்குச் சமமாகக் கொள்ளும் மனப்போக்கு இந்த வதையைக் கூட்டும் என்று பின்வந்த ஆய்வுகள் சொல்கின்றன. சோதனையும் பாவமும் ஒன்று என்று பிரசங்கிப்பவர்கள், அறியாமலே அந்த மனப்போக்குக்கு எண்ணெய் வார்க்கிறார்கள். அப்படித் துன்புறுகிறவருக்கு உபவாச ஜெபத்தையும் பிசாசு ஓட்டுதலையும் மட்டும் கொடுத்து மருத்துவரிடம் அனுப்பாமல் இருப்பது, சுமையின்மேல் சுமை வைப்பதுதான்.

பழியை இடம் மாற்றுதல்

கோடு அழியும் மறுபக்கம் இதைவிட ஆபத்தானது. ஆதியாகமத்தில் முதல் விசாரணையிலேயே ஆதாம் பழியைத் தள்ளிவிடுகிறான்: நீர் தந்த பெண் கொடுத்தாள். அவள் பாம்பைக் காட்டுகிறாள். சோதனை வந்த வழியை விவரித்துவிட்டால் இசைந்த குற்றம் குறைந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு அன்று தொடங்கியது. இன்று அது பெண்களின் உடையைப் பற்றிய பிரசங்கமாக மேடையேறுகிறது. இயேசு சொன்னது நேர்மாறு. கண் இடறச் செய்தால் பிடுங்க வேண்டியது பார்ப்பவனின் கண்ணை. பார்க்கப்பட்டவளின் ஆடையைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இசைவுதான் கோடு என்ற கொள்கை ஆண்களின் உள்மனப் போராட்டத்துக்கு மட்டும் உதவ வந்ததில்லை. 410இல் ரோம் சூறையாடப்பட்டபோது பாலியல் வன்முறைக்கு ஆளான கிறிஸ்தவப் பெண்களைப் பலர் இழிவாகப் பார்த்தார்கள். அகுஸ்தினார் ‘கடவுளின் நகரம்’ நூலின் முதல் பகுதியில் அவர்களுக்காக வாதாடினார்: மனம் இசையாதபோது உடலுக்கு நேர்ந்தது எதுவும் அவர்களுடைய பாவமாகாது, கற்பு மனத்தில் இருக்கிறது. ஆயிரத்தறுநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய இந்த வாதத்தை இன்றைக்கும் நம் ஊர்ச் சபைக் குழுக்களில் படித்துக்காட்ட வேண்டிய நிலை இருக்கிறது.

சோதிக்கப்படுவது பாவமில்லை, ஆனால் பிறரைச் சோதனைக்குள் தள்ளுவது பாவம். சிறியவர் ஒருவருக்கு இடறலாக இருப்பவன் கழுத்தில் எந்திரக்கல் கட்டிக் கடலில் ஆழ்த்தப்படுவது நலம் என்று இயேசு சொன்னதைப்போல் கடுமையான சொல் நற்செய்திகளில் அரிது. பதவியும் நம்பிக்கையும் கையில் வைத்திருக்கும் ஓர் ஊழியர், தன்னிடம் ஆறுதல் தேடி வந்தவரைப் பயன்படுத்திக்கொண்டு, பிடிபட்டதும் ‘சோதனையில் விழுந்தேன்’ என்று கண்ணீர் வடித்தால், சபை கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. சந்தர்ப்பத்தை உருவாக்கியது யார்? எத்தனை நாள் திட்டமிட்டார்? மற்றவர் மறுக்க முடிந்த நிலையில் இருந்தாரா? திட்டமிட்டு நடந்ததற்குச் சோதனை என்று பெயரில்லை. அங்கே பலியானவரையே சோதனைக்காரி என்றழைக்கும்போது சபை ஆதாமின் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், மறைக்கல்வி வகுப்புகளிலும் ஞாயிறு பள்ளிகளிலும் மாற வேண்டியது பாவங்களின் பட்டியலன்று, பிள்ளைகளிடம் கேட்கும் கேள்வி. என்ன எண்ணம் வந்தது என்று கேட்பதை விட்டு, வந்த எண்ணத்தை என்ன செய்தாய், அது வரும் இடத்துக்கு நீயாகப் போனாயா, போகாமலிருக்க உனக்கு வழி இருந்ததா, உன்னால் வேறு யாரும் அந்த இடத்துக்கு இழுக்கப்பட்டார்களா என்று நான்கையும் வரிசையாகக் கேட்கப் பழக்க வேண்டும். முதல் கேள்வி அப்பாவியை விடுவிக்கும். மற்ற மூன்றும் சாக்குச் சொல்பவரைப் பிடித்து நிறுத்தும். உறுதிபூசுதலுக்கோ திடப்படுத்தலுக்கோ தயாராகும் ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இந்த நான்கையும் விளங்கவைக்க அரைமணி நேரம் போதும். அந்த அரைமணியை ஒதுக்காத சபை, பின்னாளில் அதே பிள்ளையின் தேவையற்ற குற்ற உணர்வுக்கோ, வசதியான சாக்குகளுக்கோ ஆண்டுக்கணக்கில் செவிகொடுக்க வேண்டியிருக்கும்.